ஊற்றுக்கு மேலே நின்ற கல்

எங்கள் மலையூரான சாந்தா இனேஸுக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஊர்க்கூட்டம் ஒரு விதி வைத்திருக்கிறது. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி ஊருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு முன்னால் வந்தவர்கள் எங்கள் மூடுபனியையும் பறவைகளையும் பொம்பளைகளின் முகங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். என் மாமியாரின் முகம் ஏதோ ஒரு விமான நிலையச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது என்று வேலைக்குப் போன ஒருவன் வந்து சொன்னான். அவள் அதைப் பார்க்காமலே செத்துப்போனாள். அந்தக் கோபத்தில் எல்லோரும் கைதூக்கி வைத்த விதி இது.

விதிக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவர்தான். மோன்தெர்ரே நகரத்திலிருந்து வரும் பெர்லாங்கா. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இந்த ஜனவரியில், சாந்தா இனேஸ் திருவிழாவுக்கு முந்தின வாரம், ஒரு பெரிய பெட்டியோடு தன் வண்டியில் வந்து இறங்கினார். இந்த வருஷம் என் ஊர்ச்சேவை விருந்தினர் குடில்கள். சம்பளம் கிடையாது, முறைவைத்து எல்லோரும் செய்வதுதான். ஆகவே அவருக்கு அறை திறந்துவிட்டதும், பெட்டியைச் சுமந்ததும், படங்களைக் கட்டித் தொங்கவிட்டதும் நான்.

அதற்குள் போகுமுன் என் தங்கை ஒத்திலியாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவளை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சான் பார்த்தோலோவில் கட்டிக்கொடுத்தோம். இரண்டு ஊர்க் காட்டுக்கும் நடுவே எல்லைக் கற்கள் உண்டு. ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு மரச்சிலுவை. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் கூட்டமாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்தக் கற்களில் ஒன்று ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கல்லுக்கு மேற்சரிவு எங்களுடையது, கீழ்ச்சரிவு அவர்களுடையது. மழை பொய்த்த காலத்தில் நான் ஊரில் இல்லை. வடக்கே தக்காளித் தோட்டத்தில் கூலிக்கு இருந்தேன். திரும்பி வந்தபோது அந்த ஊற்றிலிருந்து எங்கள் ஊர்த் தொட்டி வரைக்கும் கறுப்புக் குழாய் போட்டிருந்தது. கல் ஊற்றுக்குக் கீழே நின்றது. ஊற்று எங்கள் பக்கம்.

என் நினைவில் கல் ஊற்றுக்கு மேலே இருந்தது. அப்படியானால் ஊற்று சான் பார்த்தோலோவுக்கு. கேட்டுப் பார்த்தேன். "தக்காளிக்கு அடிச்ச மருந்து உன் மண்டையில ஏறிடுச்சு செவேரோ" என்று சிரித்தார்கள். என் மனைவி ஃபிதேலாவும் சிரித்தாள். ஊரே ஒரே மாதிரி சொன்னால் ஒருவன் எத்தனை நாளைக்குத் தன் கண்ணை நம்புவான்? நானும் மருந்துதான் என்று இருந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒத்திலியாவின் புருஷன் நாபோர் வெட்டுக்கத்தியோடு போய் அந்தக் குழாயை அறுத்தான். எங்கள் ஊர்க்காவலர்கள் பிடித்துக் கட்டி மாவட்டச் சிறையில் ஒப்படைத்தார்கள். பிறர் நிலத்தில் புகுந்தது, ஊர்ச்சொத்தை அழித்தது என்று வழக்கு. தங்கை தொலைபேசியில் அழுவாள்.

"அண்ணே, வக்கீல் ஒண்ணுதான் கேக்குறார். கல்லு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க, வழக்கு நிக்காதுங்கிறார். எங்க ஊர்க்காரங்க சொன்னா எடுபடாதாம். கல்லைப் பிடுங்கின இடத்துல உங்க ஆளுங்க புல்லை நட்டு வளர்த்துட்டாங்க. நீ என்ன சொல்ற?"

"எனக்கு நிச்சயமாத் தெரியல தாயி" என்பேன். அவள் வைத்துவிடுவாள்.

இனிப் படங்களுக்கு வருகிறேன். ஊர் மண்டபத்து நடையில் துணிக்கொடி கட்டி, பெர்லாங்கா எடுத்துத் தர நான் கவ்வி போட்டு மாட்டினேன். உள்ளே வாத்தியக் குழு திருவிழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டி முடிப்பதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. மரங்கொத்தி, விடிகாலையில் பள்ளத்தாக்கை மூடிய பனி, பாயில் காயும் காப்பிக்கொட்டை, பெரிய ஊதுகுழலுக்குள் தலையை விட்டுத் தூங்கும் வாத்தியக்காரன்.

இலையில் அவித்த சோளமாவுத் தாமால் விற்கும் எர்மிலா அக்காவுக்கு வாய் ஓயவில்லை. "இது யாரு, சினிமாக்காரி மாதிரி?"

"நீதான் அக்கா. பல்லு இருந்த காலம்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"பல்லு இல்லாமலே உன்னைக் கடிப்பேன், வா இங்க. ஏய் போட்டோக்காரரே! ஒன்பது வருஷமா இதைக் கழுவிக்கிட்டே இருந்தீரா? நாங்க செத்ததுக்கு அப்புறம் வரலாம்னு பார்த்தீராக்கும்!"

பெர்லாங்கா தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கடைசிப் படத்தை என் கையில் கொடுத்தார். "இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தப் பறவையைப் பாருங்க."

பார்த்தேன். பெரிய அலகுள்ள பச்சைப் பறவை, டூக்கான் வகை, ஒரு மரச்சிலுவையின் மேல் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறது. சிலுவைக்குக் கீழே வெள்ளைக் கல். கல்லைச் சுற்றி எங்கள் ஆட்கள் கூடையைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சரிவு இறங்குகிறது. சரிவில் இடி விழுந்து இரண்டாகப் பிளந்த கருவாலி மரம், அதன் வேரடியில் ஊற்று. ஊற்றில் என் தங்கை ஒத்திலியா தகரக் குடத்தை வைத்துவிட்டு மேலே யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

கல் மேலே இருந்தது. ஊற்று அந்தப் பக்கம் இருந்தது. என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

படத்தைக் கொடியில் வைத்தேன். இரண்டு பக்கமும் கவ்வியைப் போட்டேன்.

எர்மிலா அக்கா நெருங்கி வந்தாள். "அட, நம்ம ஒத்திலியா! கன்னம் எப்படி உப்பியிருக்கு பாரு அப்போ..." அவ்வளவுதான். அவளுடைய வாய் மூடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தாமால் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் பறவையைப் பார்த்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள், பிறகு வாத்திய ஒத்திகையைக் கேட்கப் போனார்கள்.

ஊரின் பொதுநிலத் தலைவர் தோன் வில்ஃப்ரிதோ தன் பதவிக் கோலோடு வந்தார். என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர். ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் கவ்விகளைக் கழற்றினார்.

"இதுல நான் இளமையா இருக்கேன். வீட்டுல மாட்டிக்கிறேன்."

பெர்லாங்காவுக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா எடுத்துக்கங்க தோன் வில்ஃப்ரிதோ! மூலம் என்கிட்ட கணினியில இருக்கு. எத்தனை வேணும்னாலும் போட்டுத் தரேன்."

தலைவர் படத்தைச் சுருட்டியபடியே அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாயங்காலம் கூட்டம் போடுறோம்" என்றார்.

கூட்டத்துக்கு வெளியாள் வரக்கூடாது. பெர்லாங்காவைக் குடிலில் காப்பியோடு உட்காரவைத்துவிட்டுப் போனேன். தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு படம் வந்திருக்கு. பார்த்தவங்க பார்த்தாச்சு. என்ன செய்யலாம்?"

நான் எழுந்தேன். "விதி நாம வெச்சதுதானே? எடுத்த படம் ஊருக்கு வரணும்னு நாமதான் கேட்டோம். வந்திருக்கு. மாட்டணும்."

"மாட்டினா?"

"மாட்டினா நாபோர் வெளிய வருவான்."

"வந்தா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, மழை இல்லாத அந்த ரெண்டு வருஷம் நீ எங்க இருந்த? வடக்கே குழாயைத் திருகிக் குடிச்ச. இங்க பிள்ளைங்க பள்ளத்துத் தண்ணியைக் குடிச்சுதுங்க. உன் மகளுக்கு வயித்தால போய்க் கண்ணு செருகினப்போ தோள்ல போட்டுக்கிட்டு மலை இறங்கினவன் யாரு? சொல்லு. அதுக்கு முன்னாடி சான் பார்த்தோலோக்காரன்கிட்ட கையேந்தினோம். ஊத்துல பாதி கொடுங்கன்னு கேட்டோம். கழுதைக்குத் தரோம், உங்களுக்கு இல்லன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் கல்லைத் தொட்டோம்."

கல்லைத் தொட்டோம் என்ற வார்த்தையை ஊர் நடுவில் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தப் பதிலைச் சொன்னவன் நாபோர் இல்லையே" என்றேன்.

"இல்லைதான். குழாயை அறுத்தவன் அவன்."

போட்டோக்காரர் ஒன்றும் தெரியாமலே கிளம்பட்டும், படத்தைக் கிழிப்பதில்லை, பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. ஃபிதேலாவின் கையும் எழுந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினாள்.

வீட்டில் அவள் அடுப்பை ஊதியபடி சொன்னாள். "சிரிச்சேனே அன்னிக்கு, மருந்து ஏறிடுச்சுன்னு. எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

"அப்போ ஏன் கை தூக்கின?"

"பள்ளத்துல இறங்கி ஏறினது உன் முழங்காலா, என் முழங்காலா?" ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "உன் தங்கச்சியை நினைச்சா தொண்டையில சோறு இறங்கல. தண்ணியை நினைச்சா உன் தங்கச்சி மேலயே கோவம் வருது. என்னைக் கேக்காத."

பெர்லாங்கா மறுநாள் காலையில் கிளம்புவதாக இருந்தது. விடிந்ததும் அவரை எழுப்பி, பறவை பார்க்கப் போகலாம் என்று கூட்டிப்போனேன். விருந்தினருக்குப் பறவை காட்டுவது என் சேவையில் சேர்ந்ததுதான். ஊற்று வரைக்கும் அவர் பனியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பறவை இல்லை.

"அன்னிக்கு நின்ன இடத்துலயே நின்னு ஒரு படம் எடுங்க" என்றேன்.

"வெறும் கல்லையா?"

"கல்லைத்தான்."

அவர் இடம் தேடினார். பிளந்த மரத்தைப் பார்த்து இரண்டடி நகர்ந்தார். கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பையிலிருந்து கணினியைத் திறந்து பழைய படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து சரிவைப் பார்த்தார்.

"கல்லு நடந்திருக்கு" என்றார்.

நான் நாபோரின் கதையைச் சொன்னேன். தண்ணீர்க் கதையையும் சொன்னேன், தோன் வில்ஃப்ரிதோ சொன்னபடியே, ஒன்றையும் குறைக்காமல். அவர் கணினியை மூடினார். குழாய் வாயில் தண்ணீர் கொப்புளித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் பறவையை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். "இதுக்கு அப்புறம் என்னை இந்த மலைக்குள்ள விடமாட்டாங்க, இல்ல?"

"விடமாட்டாங்க."

"உங்களை?"

நான் படத்துக்குள் விழாமல் விலகி நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து மூன்று முறை படம் எடுத்தார்.

நான் வீட்டுக்குப் போய்த் தொப்பியை எடுத்தேன். எங்கே போகிறாய் என்று ஃபிதேலா கேட்கவில்லை. சோள ரொட்டியும் கறுப்பு அவரையும் துணியில் கட்டிக் கொடுத்தாள். ஒருவன் சாப்பிடும் அளவைவிட மூட்டை கனமாக இருந்தது. மகள் தொட்டிக் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை.

ஊர் வாசலில் சங்கிலி போட்டிருந்தது. வழக்கமாக ஊர்க்காவலன்தான் நிற்பான். அன்று தோன் வில்ஃப்ரிதோ நின்றார், கோல் இல்லாமல், பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு. பெர்லாங்கா ஓட்டிய வண்டியின் என் பக்கக் கண்ணாடியில் கையை வைத்தார்.

"எங்க தம்பி?"

"விருந்தாளியை வழியனுப்புறது என் சேவை."

"எது வரைக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்தை வரைக்கும் என்றால் விட்டிருப்பார். "நாபோர் இருக்கிற இடம் வரைக்கும்" என்றேன்.

அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பெர்லாங்காவின் பையைப் பார்த்தார். பிடுங்குவார் என்றுதான் நினைத்தேன். நான்கு பேரைக் கூப்பிட்டால் போதும், வண்டி நகராது.

"பாதி கேட்டுப் பாரு" என்றார். "அவன் வெளிய வந்ததும் அவங்க ஊர்ல கேட்டுப் பாரு, ஊத்துல பாதி. உன் மச்சான் வாயாலயே கேக்கச் சொல்லு. கொடுத்தாங்கன்னா நீ திரும்பி வா."

"கொடுக்கலேன்னா?"

அவர் போய்ச் சங்கிலியை இறக்கினார். தரையில் கிடந்த அதன்மேல் சக்கரங்கள் ஏறி இறங்கின. வளைவு திரும்புவதற்குள் அதை மறுபடி தூக்கி மாட்டும் சத்தம் பின்னாலிருந்து கேட்டது. உள்ளே வாத்தியக் குழு காலை ஒத்திகையைத் தொடங்கியிருந்தது.

"கொடுப்பாங்களா?" என்று பெர்லாங்கா கேட்டார்.

கழுதைக்குத் தருகிறோம் என்று சொன்னது யார் என்பது எனக்குத் தெரியும். ஒத்திலியாவின் மாமனார்.

"மெதுவாப் போங்க" என்றேன். "இறக்கத்துல கல்லு உருண்டு கிடக்கும்."