நிக்கனோரின் குரல் இருந்த டெக்கீலா

எதெல்வினா வீட்டில் கலந்து தரும் டெக்கீலாவைக் குடித்தவர்கள், கோப்பை காலியாகும்வரை, செத்துப்போன அவள் கணவன் நிக்கனோரின் குரலில் பேசினார்கள். அமடிட்டான் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம்தோறும் மூன்று வருடம் இது நடந்தது. முதல் ஞாயிறு வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு வறுத்த கடலையோடு வந்தார்கள்.

கடையில் வாங்கிய டெக்கீலாவுக்கு அந்தக் குணம் இல்லை, அவளே வாங்கிக் கலந்து பார்த்தாள். நிக்கனோர் நட்டு ஏழு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த நீலக் கற்றாழையை அவன் இறந்த மாதம்தான் வெட்டி, வேகவைத்து, வடித்தார்கள். அதில் இருபது லிட்டர் அவள் பங்காக வந்தது. மண்கோப்பையில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ஆரஞ்சும் எலுமிச்சையும் பம்ப்ளிமாஸும் பிழிந்து, டெக்கீலாவை ஊற்றி, மேலே சோடாவை நுரைக்க விட்டுக் கொடுப்பாள். கைப்பக்குவத்தில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

குரல் அச்சு அசல் அவனுடையது, பேச்சு மட்டும் குடித்தவர்களுடையது. அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! நிக்கனோரின் குரல் கன்றுக்குட்டி விலை பேசியது, கால்பந்தில் தோற்ற அணியை வண்டை வண்டையாகத் திட்டியது, பக்கத்து வீட்டு தோமாசாவின் வாயில் இருந்துகொண்டு அவள் மருமகளைக் கரித்துக்கொட்டியது.

எதெல்வினாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவன் கோபத்தோடு போனானா, இல்லையா. அவள் அம்மா கொடுத்த செப்புப் பாத்திரத்தை அவன் கேட்காமல் கொள்ளாமல் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் காலை அவன் காப்பிகூடக் குடிக்காமல் வயலுக்குப் போனான். பத்து மணிக்குக் கற்றாழை வரிசைக்கு நடுவே நெஞ்சு நின்றுபோனது.

ஒரு ஞாயிறு, வெட்கத்தை விட்டு, நிக்கனோரோடு வயலில் வேலை செய்த எவெலியோவிடம் கேட்டாள். அவன் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"எதெல்வினா, எனக்கு உன்மேல கோபமில்ல புள்ள," என்றது நிக்கனோரின் குரல். அதே குரல் உடனே, "போதுமா மதினி? இன்னொருவாட்டி சொல்லணுமா?" என்றது.

"போதும்ப்பா, நீ குடி," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். ஒருமுறை தானே குடித்துத் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். அதன்பிறகு அவள் அதை வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் வருடக் கல்லறைத் திருநாளன்று ஒரே ஒரு கோப்பை அளவுதான் மிச்சம். இதை யாருக்கும் தருவதில்லை, அவன் படத்துக்கு முன்னால் படைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். சந்தையில் புதுக் கோப்பை வாங்கிவந்து, கலந்து, துலுக்கச் சாமந்திக்கு நடுவே வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள். திரும்பி வந்தால் கோப்பை காய்ந்து கிடந்தது. உப்பு மட்டும் அடியில் ஒட்டியிருந்தது.

"அடிப் பாவி! புதுக் கோப்பைய ராவெல்லாம் தண்ணியில ஊறப் போடாமலா ஊத்துன?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் படையல் பார்க்க வந்த தோமாசா. "மண்ணு குடிச்சிருச்சுடீ! பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!"

தெரியாமலா? எத்தனை நூறு கோப்பை ஊறவைத்த கை அது. அன்றைக்கென்று மறந்துவிட்டது. எதெல்வினா கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கோப்பை மூச்சுவிட்டது. மண்ணுக்குச் சொந்தமாகப் பேச்சு ஏது? நிக்கனோரின் மூச்சு மட்டும்தான் வந்தது. முப்பது வருடம் அவன் பக்கத்தில் படுத்தவள் அவள். கோபமென்றால் அவன் மூச்சு மூக்கு நுனியோடு நின்றுவிடும், சுவரைப் பார்த்துக் கட்டையாகக் கிடப்பான். இது அப்படி இல்லை. வயிறார உண்டு, மனசில் ஒன்றும் இல்லாமல், மதியம் மல்லாந்து தூங்குகிறவனின் மூச்சு.

"இவரு அன்னிக்கே மறந்துட்டாருடீ," என்றாள் எதெல்வினா. "நான்தான் வச்சிக்கிட்டே இருந்திருக்கேன்." தோமாசாவின் தோளில் சாய்ந்து, செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அந்தக் கோப்பை அவளுடைய கட்டில் ஓரத்தில் பதினோரு வருடம் மூச்சுவிட்டது. மதிய நேரத்தில் அந்த வீட்டைத் தாண்டிக் கழுதை ஓட்டிப் போனவர்கள் அதன் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டார்கள். உள்ளே ஆள் தூங்குகிறார் இல்லையா.