கழுத்தை நெரி

பிக் என்னும் சின்ன வில்லையால் பேஸ் கிட்டார் வாசித்தால் அடிக்காத கம்பிகளும் சேர்ந்து இரையும். உள்ளங்கை ஓரத்தால் அமுக்கித்தான் வாசிப்பேன். எங்கள் ராஜபாளையம் சர்ச்சில் பாடகர் குழு முன்னால், என்னோடு வாசிக்கும் மெல்வின் கெக்கலித்தான்: “கம்பிய எதுக்குலே கழுத்த நெரிக்க? கைய எடு!” பிறகு பாஸ்டரிடம் பேசி என் கிட்டாரையே வாங்கிக்கொண்டான். என்னை ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் போர்டு முன்னால் உட்காரவைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறிஸ்துமஸ் ஆராதனை. மெல்வின் உள்ளங்கை கம்பியில் படாமல் தூக்கிக்கொண்டு விளாசினான். நாலு கம்பியும் உறுமின. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என்னிடம் சைகை காட்டினான். கூட்டினேன்.

பாட்டு முடிந்தது, உறுமல் முடியவில்லை. ஜெபிக்க எழுந்த பாஸ்டர் கண்ணை மூடாமல் அவனையே முறைத்தார்.

“ஏலே, எப்படிலே நிறுத்த?” என்று மெல்வின் மேடையிலிருந்து என்னிடம் கெஞ்சினான்.

பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து, சபைக்கே கேட்கும்படி சொன்னேன்: “கழுத்த நெரிலே.”