அட்டை ஈரம், பொறு

1

இதை நான் யோசித்து உண்டாக்கவில்லை. தென்காசியில் ஒரு நூல் மில்லில், கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தபோது கிடைத்தது. என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நானே பாதிதான் நம்புகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு...'

பொய். அது பங்குனி. வெயில் மண்டையைப் பிளந்தது. (ஆனாலும் கோடு போட்டு அடித்த அந்த வரியை எடுக்கவில்லை. பழசை உருவினால் கீழே எது சரியும் என்று யாருக்குத் தெரியும்?)

2

எண்பத்தெட்டாம் வருஷம். உள்ளே குழல்வாய்மொழி உட்கார்ந்திருக்கிறாள். எழுபத்துமூன்றில் வந்த பழைய மிஷினை எடைக்குப் போட்டாயிற்று. அதற்கென்று எழுதிய வருகைப் பட்டியல் புரோகிராம் மட்டும் இன்னும் தேவைப்பட்டது. அதனால் புது மிஷின், தனக்குள் ஒரு பழைய மிஷின் இருப்பதாகப் பாவனை செய்யும். அந்தப் பாவனை கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. புரோகிராமை எழுதியவர் அவள் அப்பா நமசிவாயம். எழுபத்தேழில் ஐந்தருவி வெள்ளம் அவரைக் கொண்டுபோயிற்று.

அவர் காலத்தில் மிஷினுக்குக் கணக்கு கொடுப்பதெல்லாம் துளை போட்ட அட்டையில்தான். சாரலில் அட்டை ஊதிச் சிக்கும். அப்போது மிஷின் நின்று, 'அட்டை ஈரம், பொறு' என்று அடிக்கும்படி வைத்திருந்தார். (அடித்தது இங்கிலீஷில். எனக்கு அது வராது. அவள் சொன்னதை எழுதுகிறேன்.)

இப்போது அட்டையே கிடையாது. இருந்தும் அன்று பகல் பதினோரு மணிக்கு மிஷின் நின்றது. அட்டை ஈரம், பொறு.

பன்னிரண்டு மணிக்குச் சேதி வந்தது: ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம், குளித்தவர்களை உருட்டிவிட்டது என்று. புது மிஷின் வந்த பிறகு இது மூன்றாம் தடவை. மூன்றிலும் மிஷின்தான் முந்தியது.

"அண்ணாச்சி, உள்ள அட்டையும் இல்ல, மழையும் இல்ல. எதுதான் நனையுது?"

ஏசி ஒழுகும் என்றேன். நம்பித்தான் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

3

புதுப் புரோகிராம் தயார், வெள்ளிக்கிழமைக்குள் பழசை அடியோடு அழிக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னார் மானேஜர் விஸ்வேஸ்வரன். செத்தவனுக்கு எத்தனை நாள்தான் இலை போடுவது என்றும் கேட்டார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

அவள் முகத்தை எழுதிப் பார்த்தேன். 'அவள் அழுதாள்.' இல்லை. 'அவள் சிரித்...' அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை, விசைமேல் விரல் வைத்திருந்தாள். நான் கண்டது அவ்வளவுதான்.

"அழிச்சா எங்கப்பா போயிருவாரு. அது கெடக்கட்டும். அடுத்த தடவ யாரு அண்ணாச்சி சொல்லுவா?"

4

முடிவு ஒன்று: அழித்தாள். வேலை நிலைத்தது. அந்த ஆடியில் ஐந்தருவியில்... இதற்கு மேல் எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: அழித்ததாகச் சொன்னாள். யாரும் தேடாத மூலையில் அது இன்னும் பொறுத்திருக்கிறது.

எது என்று முடிவுகட்ட, முதல் பக்கத்தைப் புரட்டினேன். நான் அடித்த சாரல் வரி மட்டும் மை ஊறிப் பரவிக் கிடக்கிறது. மேல் வரியும் கீழ் வரியும் காய்ந்தபடி இருக்கின்றன. வெளியே வெயில். ஓட்டில் ஒழுகல் கிடையாது.

நான் முடிக்கப்போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் தாளில் அந்த வரியைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அவள் அழித்துவிட்டாள்.

இல்லையென்றால், இன்றைக்கு அருவிப் பக்கம் போகாதீர்கள்.