சாமிக்கு விட்டது

எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த முட்டைக்கோழிப் பண்ணையில் காளிதாஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மகள் கனிஷ்கா அவனிடம் வருவது இன்னும் குறைந்துபோனது. முன்பு அவனுடைய கையைப் பார்த்துப் பயந்தாள். இப்போது நாற்றம் வேறு. அவன் வண்டியை நிறுத்தும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அவள் பிறந்தபோது அவன் சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும்போது மட்டும் மகளைப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் வேறு யார் வீட்டுக் குழந்தையையோ பார்ப்பதுபோல் இருக்கும். அவள் கொஞ்சம் பழகத் தொடங்கும்போது வண்டி கிளம்பிவிடும். கடைசியாகப் போன இடத்தில், மேலேயிருந்து ஒரு இரும்புக் குழாய் சறுக்கி விழுந்து இடது கையின் நடு மூன்று விரல்களைக் கொண்டுபோனது. செய்தி போனில் வந்தபோது, போனது கையா உயிரா என்று தெரியாமல் மனைவி ரஞ்சிதா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே ஏரிக்கரை முனியப்பனுக்குக் கருங்கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தபின் சில மாதம் வெண்ணந்தூரில் தறிக்குப் போனான். அறுந்த இழையை முடிபோட மிஞ்சிய இரண்டு விரல்கள் ஒத்துவரவில்லை. தறிக்காரர் கோபிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவரே வந்து முடிபோட்டுவிட்டுப் போவார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நின்றுவிட்டான்.

பண்ணையில் விரல்களுக்கு வேலை குறைவு. காலையில் கூண்டு வரிசைகளுக்கு இடையே நடந்து, செத்துக் கிடக்கும் கோழிகளை எடுத்துப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கும் ஒரே முகம். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் தூக்கும்போது அதன் உடம்பில் மிச்சமிருந்த சூடு உள்ளங்கையில் ஏறியது. பிறகு எப்போதிருந்தோ அது தெரியாமல் போனது. வேலைக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அந்த வசதியை நினைத்துத்தான் அவன் சில நாள் பயந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதாவின் அண்ணன் வேலுமணி ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினான். ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்பு. அடுத்த ஆடிப் பூசைக்குள் கிடாவாகிவிடும் என்றான். அவன் போன பிறகு கனிஷ்கா மெதுவாக வந்து குட்டிக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். காளிதாஸ் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான்.

"இது யாருக்குப்பா?"

அவளாக அவனிடம் வந்து எதையும் கேட்டதில்லை. அவன் அவசரமாகப் பதில் சொன்னான். "சாமிக்கு."

அவளுடைய முகம் விரிந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "எனக்கா?" என்றாள்.

பால்காரர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரும் அவளைக் கூப்பிடுவது சாமி என்றுதான். 'சாப்ட்டீங்களா சாமி', 'எங்க போறீங்க சாமி.' அவளுக்குத் தெரிந்த சாமி அவள்தான். கோயிலில் இருப்பவர் முனியப்பன். காளிதாஸுக்கு இது அந்த நொடியே விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த முகம் அவனைப் பார்த்து அப்படி விரிந்தது அதுவே முதல் தடவை.

"ஆமா சாமி," என்றான்.

அவள் குட்டியிடம் போவதற்கு அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் இல்லாத கை. பிடிக்கும்போது அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அதன்பின் அவன் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தான். தொட்டித் தண்ணீரில் அவன் குளிப்பான். பிறகு இருவரும் ஆட்டைக் குளிப்பாட்டுவார்கள். "கோழி நாத்தம் போனாத்தான் ஆட்டுகிட்ட வரலாம்," என்று அவள் அவன் முதுகை மோந்து பார்த்து உத்தரவு கொடுப்பாள். குட்டி முதலில் தண்ணீருக்குத் துள்ளியது, திமிறியது. நாளாக ஆகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஈர முடிக்குள் கையை வைத்தால் அதன் இதயம் அடிப்பது தெரியும். பண்ணையில் தொலைந்துபோன ஏதோ ஒன்று இந்தக் கையில் இன்னும் இருப்பதாக அவனுக்குத் தோன்றும். தன் மகளை இப்போதுதான் பெற்றுக்கொண்டதுபோலவும் தோன்றும். இது வாங்கிவைத்த சந்தோஷம் இல்லை, திருடி வைத்தது என்பதையும் அவன் மறந்ததில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். நாளைக்கும் அவள் ஓடிவந்து கையைப் பிடிப்பாள்.

ஆனி பிறந்ததும் ரஞ்சிதா கேட்டாள்.

"புள்ளகிட்டச் சொல்லிப் போட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க கட்டுன கதைங்க. நீங்கதான் சொல்லோணும்."

அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ரஞ்சி, வேற கெடா வாங்கி உட்டுட்டா என்ன? இது இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சாமிக்குன்னு சொல்லிக் கட்டுன கெடாவ மாத்தறதா? எங்காச்சும் உண்டா?" அவள் குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒரு கையோட உட்டுது. இன்னொன்னக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவனுக்கு நம்பிக்கை இருந்ததா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அவள் அந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்ததில்லை; நினைத்துப் பார்த்திருக்கிறான். அந்தப் பயத்துக்கு முன்னால் ஒரு ஆட்டையோ ஐந்து வயதுக் குழந்தையின் மனத்தையோ வைத்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

பூசையன்று கனிஷ்காவே கிடாவை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் விட்டுவிட்டு வர ஆள் இல்லை. கழுத்தில் மாலை போட்டதும் அவள் கைதட்டினாள். தன் ஆட்டுக்கு ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டாள். பூசாரி சுப்பையன் மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். கிடா உடம்பை உதற வேண்டும். துளுக்கு என்பார்கள் அதை. துளுக்கினால்தான் முனியப்பன் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி.

கிடா கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். இன்னொன்று. தண்ணீர் தாடியில் சொட்டியது. தினமும் சாயங்காலம் நிற்பதுபோலவே சுகமாக நின்றது. காளிதாஸுக்கு முதலில் காரணம் உறைத்தது. பிறகு, நெஞ்சுக்குள் ஒரு ஆசை, வெட்கமில்லாமல் எழுந்தது. துளுக்காதே. அப்படியே நில்.

வேலுமணி சிரித்தான். "தெனம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுனா எப்படி மாப்ள துளுக்கும்? அதுக்குத் துண்டு வேணுமாட்ட இருக்குது. யாராச்சும் துண்டு குடுங்கப்பா, பவுடரும் பூசி உடுவோம்."

கூட்டம் சிரித்தது. ரஞ்சிதா சிரிக்கவில்லை. அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

சுப்பையன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஊட்டுக்காரங்க யாராச்சும் மனசுல கொற வெச்சிருந்தாத்தான் கெடா இப்படி நிக்கும். யாருக்குக் கொற? வாயத் தொறந்து சொல்லிப் போடுங்க."

எல்லோரும் காளிதாஸைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். கனிஷ்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அது என்ற ஆடுங்க. சாமிக்குன்னு அப்பாதான் சொன்னாங்க."

"எந்தச் சாமிக்கு?" என்றார் சுப்பையன்.

"நான்தான் சாமி."

முன்பைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வேலுமணி, "அப்படிப் போடு என் தங்கம்," என்று தொடையைத் தட்டினான். சுப்பையனும் சிரித்துக்கொண்டே அவளுக்கு முன்னால் குனிந்தார். சிக்கல் அவிழ்ந்துவிட்டது அவருக்கு. "அதுதான் விசயமா? கொற இங்கதான் இருக்குதா? அப்ப நீங்களே குடுத்துருங்க சாமி. முனியப்பனுக்குக் குடுத்துட்டீங்களா?"

பெரியவர்கள் இத்தனை பேர் தன் பதிலுக்காகக் காத்திருப்பதில் கனிஷ்காவுக்கு ஒரு பெருமை இருந்தது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். எது சரியான பதில் என்று கேட்கிற பார்வை அது. ரஞ்சிதாவின் விரல்கள் காளிதாஸின் முழங்கையை இறுக்கின.

அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"குடுத்துட்டேனுங்க," என்றாள் கனிஷ்கா.

இந்த முறை சுப்பையன் தண்ணீரைக் காதுக்குள் விட்டார். கிடா தலையிலிருந்து வால்வரை உதறியது. குலவை எழுந்தது. ரஞ்சிதா அழுதுகொண்டே கும்பிட்டாள். காளிதாஸ் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வறண்ட ஏரிக்குள் இறங்கி வேகமாக நடந்தான். வெடித்த மண், சீமைக்கருவேல முள், அதைத் தாண்டி ஒன்றும் இல்லாத வெளி. கண்ணுக்கு எதுவும் படக்கூடாது என்று நடந்தான். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, பிறகு ஆட்களின் இரைச்சல். தோளில் கிடக்கும் குழந்தையின் முகம் பின்பக்கம் பார்த்திருக்கும் என்பது அவளுடைய உடம்பு விறைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

கருவேல நிழலில் அவளை இறக்கிவிட்டான். அவள் அழவில்லை. அவளுடைய கையில் மாலையிலிருந்து பிய்ந்த ஒரு அரளிப்பூ இருந்தது; அதை உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் சமையல் புகை எழும்பியது.

"அப்பா."

"என்ன சாமி?"

"நான் குடுக்கலைன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். அவளுடைய கீழுதடு அழுத்தி மூடியிருந்தது. இத்தனை நேரம் அவள் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதைத்தான். 'ஆமாம், விட்டிருப்பார்கள்' என்றால் அந்த ஆடு அவளுடைய ஒரு சொல்லால் செத்ததாக ஆகும். வளர்ந்த பிறகும் அவளுக்குள் அது எங்காவது நின்றுகொண்டிருக்கும். 'இல்லை' என்றால், இத்தனை மாதச் சாயங்காலங்களுக்கும் அவன் கணக்குச் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினான். அதில் அவனுக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

"இல்ல," என்றான். "நீ வேண்டாம்னாலும் வெட்டியிருப்பாங்க. உன்னக் கேட்டது சும்மா வெளையாட்டுக்கு."

"அது என்ற ஆடுதானுங்களே?"

"இல்ல. வாங்கும்போதே அது முனியப்பனுக்குத்தான். அம்மா வேண்டிக்கிட்டது. உன்றதுன்னு நான் பொய் சொன்னேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அவள் யோசித்தாள். "இன்னிக்கு வெட்டுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நேத்துக் குளிப்பாட்டும்போது?"

"அப்பவும் தெரியும்."

அவள் இதயம் லேசாவதை அவன் கண்ணால் பார்த்தான். உதடு தளர்ந்தது, மூச்சு நீளமாக வெளிவந்தது. பிறகு அவள் அழுதாள், சாதாரணமாக, விழுந்துவிட்ட குழந்தை அழுவதுபோல. அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு, கரையை நோக்கித் தனியாக நடந்தாள். முள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அவளே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

பந்தியில் ரஞ்சிதா அவளுக்கு ரசம் சோறு மட்டும் பிசைந்து ஊட்டினாள். கனிஷ்கா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். எதிர் வரிசையில் காளிதாஸின் இலையில் வேலுமணி ஈரல் துண்டுகளாகப் பார்த்து எடுத்து வைத்தான். "வேண்டுதல்காரரு மொதல்ல சாப்பிடோணும் மாப்ள. இனி உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

கனிஷ்கா தண்ணீர் கேட்டாள். சொம்பு காளிதாஸின் பக்கத்தில் இருந்தது. அவன் எடுத்து நீட்டுவதற்குள் அவள், "அம்மா, நீயே எடுத்துக் குடு," என்றாள். ரஞ்சிதா எழுந்து வந்து சொம்பை வாங்கிக்கொண்டு போனாள்.