பன்னிரண்டாம் பக்கம்

புக்கரெஸ்டின் பழைய கிளை நூலகம் ஒன்றில், நூலகர் டொம்னிகா நிலநடுக்கப் புத்தகங்களைத் தனி மேசையில் பரப்பி, சந்தையில் தக்காளி விற்பவளைப் போல வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கையில் திணித்தாள். எல்லாரும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். படிப்பறை காலியாகவே கிடந்தது.

ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒவிடியு, படித்து முடித்த ஒன்றைத் திருப்பித் தர வந்தார்.

"அடுத்ததையாவது இங்கயே உக்காந்து படிங்களேன். வெளியில குளிருது" என்றாள்.

"வாசல்ல சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கே மேடம். நிலம் ஆடினா முதல்ல விழுற கட்டடம்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"அது இருபது வருஷமா அங்கதான் இருக்கு. என்ன ஆயிடுச்சு இப்போ?"

ஒவிடியு புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"பதினோராம் பக்கத்துல ஒருத்தர் இதையேதான் சொல்றாரு. பன்னெண்டாம் பக்கத்துல அவரு இல்ல."