மெர்ல் சாப்பிட்ட சுக்கினி

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஆண்டவன் எதற்கு வாயைக் கொடுத்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆலங்கட்டி மழை வயலை அடித்துப் போட்டாலும் 'பரவாயில்லை' என்பார்கள். எந்திரத்தில் விரல் போனாலும் அதே 'பரவாயில்லை'தான். பக்கத்துப் பண்ணை மெர்ல் இதில் எல்லோருக்கும் மேலே. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள், அதனால் எனக்குத் திட்டும் உரிமை உண்டு.

இல்லினாயில் எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பூசணிதான், டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைக்குப் போகிற பழுப்புத் தோல் பூசணி. மெர்லின் மனைவி ஆர்டிஸ் மட்டும் தனியாக அலங்காரச் சுரைக்காய் போடுவாள். மருவும் வரியுமாக, கோணலும் மாணலுமாக இருக்கும். சாலையோரம் கூடையில் வைத்தால் சிகாகோக்காரர்கள் வாசலில் அழகுக்கு வைக்க வாங்கிப் போவார்கள். வாயில் வைக்க முடியாத கசப்பு.

போன வருஷம் அந்தக் கொடியை வீட்டுத் தோட்டத்தில் சமையலுக்குப் போடுகிற, வெள்ளரி மாதிரி நீளமான சுக்கினிக்குப் பக்கத்திலேயே போட்டாள். பார்வைக்கு வேறு வேறு என்றாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம். தேனீக்கு எது சமையலுக்கு, எது அழகுக்கு என்று தெரியுமா? இதில் விழுந்து அதில் எழுந்திருக்கிறது. அந்த வருஷச் சுக்கினி நன்றாகவே இருந்தது. அந்தக் கலப்போ விதைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வழக்கம்போல அவள் ஒரு முற்றல் காயை உடைத்து விதை எடுத்து வைத்தாள்.

பிப்ரவரியில் அவர்கள் மகன் டேல், பனியில் லாரி சறுக்கிச் செத்துப் போனான். அதிலிருந்து ஆர்டிஸ் அடுப்புப் பக்கமே போகவில்லை. மெர்ல் டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே சாப்பிடுவான். அவள் எடுத்து வைத்த விதையை அவனே மே மாதம் ஊன்றினான்.

"காயைப் பார்த்தாவது சமைக்க வருவா. அவ மறுபடி சமையக்கட்டுல நின்னாப் போதும், நெட்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்று வேலியோரம் என்னிடம் சொன்னான். அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் அவர்கள் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெங்காயமும் சீஸும் வேகிற வாசனை வாசல் வரை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜையில் ஒரே தட்டு, அதற்கு முன்னால் மெர்ல். ஆர்டிஸ் எதிரே காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருடி, உனக்கும் வைக்கிறேன்" என்றாள்.

"எனக்கு ஆச்சு. நீ சாப்பிடலையா?"

"எனக்கு இன்னும் தொண்டையில எறங்க மாட்டேங்குது. சமைக்கணும்னு தோணுச்சே, அதுவே பெருசு." அவனைப் பார்த்தாள். "எப்படியிருக்கு?"

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குப் பால் குடித்தான். "என்னடா மெர்ல், கன்னுக்குட்டி தோத்துப்போகும் போல" என்றேன். வெயில் என்றான். தட்டு காலியானதும் ஆர்டிஸ் எழுந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. டேல் போன பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை. மெர்ல் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினான்.

மறுநாள் காலை நான்தான் அவர்களைப் பியோரியா ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனேன். மெர்ல் எடுத்த வாந்தியில் ரத்தம் வந்திருந்தது.

"சாப்பாட்டுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா? கெட்ட வாடை, கசப்பு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க தோட்டத்து சுக்கினிங்க. அன்னிக்குப் பறிச்சது" என்றாள் ஆர்டிஸ்.

டாக்டர் மெர்லைப் பார்த்தார். அவன் ஆர்டிஸைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் தேவாலயத்துப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். ஃபிரிட்ஜில் இடம் பண்ணப் போனபோது பால் கேனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருந்தது, அன்றைக்கு ஆர்டிஸ் சமைத்த சுக்கினி பாதியோடு. நாய்க்கு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. எதைப் போட்டாலும் தின்கிற நாய் அது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு, அந்த அலங்காரச் சுரைக்காயின் விஷக் கசப்பு. பல தடவை வாய் கொப்பளித்தும் போகவில்லை. இதையா இரண்டு தட்டு சாப்பிட்டான்? டாக்டரிடம் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ, எனக்குத் தெரியாது. சொல்லவில்லையே, பாவி. செத்தவன் மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

திரும்பினால் ஆர்டிஸ் நிற்கிறாள்.

"கெட்டுப்போச்சு. கொட்டிடறேன்" என்றேன்.

"ஃபிரிட்ஜுலதானே இருந்துச்சு." நான் பிடுங்குவதற்குள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மறுகணம் தொட்டியில் துப்பினாள். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் மொகத்தப் பாத்துக்கிட்டே சாப்ட்டான்" என்றாள்.

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் ஆர்டிஸ்…"

"தெரியுது." ஜன்னலுக்கு வெளியே சுக்கினிக் கொடி பூத்துக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "நாப்பது வருஷமா தெனம் நல்லா இருக்குன்னு சொன்னான்டி. அதுல எது நெசம்னு இனி நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"