கம்பெனி வாசலில் ஃபின்லாந்தியா

எங்கள் பேண்டு செட்டில் பெரிய டிரம் என்னுடையது. தாளம் தெரிந்ததால் கிடைத்த வேலை இல்லை. டிரம்மைத் தாங்கும் தொப்பை என் ஒருவனுக்குத்தான் இருந்தது. சவ ஊர்வலத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் அந்த டிரம் அடிக்குத்தான் கால் எடுத்து வைப்பார்கள். அடி நின்றால் பெட்டியும் நின்றுவிடும்.

2001இல் திருவொற்றியூரில், கம்பெனிக்குள் இரும்புத் தகடு விழுந்து ஜெரால்ட் செத்துப்போனான். காண்டிராக்ட் ஆள். ‘அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் மனைவி அடைக்கலமேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ரெண்டு மணி ஷிப்டு வுடற வரைக்கும் அவரு அந்த கேட்டாண்ட நிக்கணும். கூட வேல செஞ்சவங்க பாக்கட்டும்.”

ஊர்வலத்துக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வைத்த நிபந்தனை: கோஷம் கூடாது, ஊர்வலம் நிற்கக் கூடாது, பக்திப் பாட்டு மட்டும்.

பேண்டு மாஸ்டர் சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். “ஃபின்லாந்தியா வாசிக்கலாம்” என்றான். ஃபின்லாந்து இசைக்காரர் சிபெலியுஸ் எழுதியது. ஃபின்லாந்தை ரஷ்யாக்காரன் ஆண்ட காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் தடைக்குத் தப்ப அதை வேறு பேர் வைத்து வாசித்தார்களாம்.

“அதுல ஒரு மெட்டு கோயில்ல பாடறதுதான். பக்தியும் ஆச்சு. ஆனா ஆரம்பத்துல டிராம்போன் உறுமும். நடக்கறதுக்கு அடியே கெடையாது, வரதா. நீ குச்சிய சும்மா டிரம்மு மேல உருட்டு. அடிக்காத.”

அடிக்காமல் இருப்பது எனக்கு வராத கலை. அதிலும் போலீஸைக் கண்டால் என் கை தானாக சலாம் வைக்கும்.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு கேட்டருகே சவரிநாதன் கையை உயர்த்தினான். டிராம்போன்கள் அடிவயிற்றிலிருந்து உறுமின. ஒவ்வொரு சுரமும் நகர மாட்டேன் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் உருட்டினேன். பெட்டி நின்றது.

“ஏன்யா நிக்குது?” இன்ஸ்பெக்டர் என்னிடம்தான் வந்தார்.

“நிக்கல சார். பாட்டு மெதுவா கீது.”

“சாமி பாட்டு இப்படியா உறுமும்?”

“சாமி கோவமா கீது சார்.” சொன்னது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

“அடிய்யா.”

“நோட்டுல அடி இல்ல சார்.”

சலாம் வைக்கப் போன கையை இழுத்து மறுபடி உருட்டலில் போட்டேன். 

பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. சவரிநாதன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அந்த உறுமலுக்கு நடுவில் கம்பெனிச் சங்கு ஊதியது. கேட்டைத் திறக்காமல் ஷிப்டு விட முடியாதே. வெளியே வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். மேலிருந்த போட்டோவைப் பார்த்தார்கள்.

“டேய், நம்ம ஜெரால்டு” என்றான் ஒருவன். ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முந்நூறு பேர் இருப்பார்கள். பாட்டு இப்போது அந்தக் கோயில் மெட்டுக்கு வந்து தணிந்திருந்தது.

அடைக்கலமேரி வாட்ச்மேனிடம் போனாள். “இத்தினி பேருக்கு அவரத் தெரியுது. உள்ள போய் சொல்லு நைனா.”

பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சவரிநாதன் கடைசிப் பகுதிக்குத் தாவினான்; அதில் அடி உண்டு.

ஓங்கி அடித்தேன். வழக்கம்போல் கொஞ்சம் முந்தித்தான் விழுந்தது. பெட்டியோடு முந்நூறு பேரும் அதற்கே கால் எடுத்து வைத்தார்கள்.